அம்சவள்ளியின் கொழுப்பு

எலவனாசூர்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொழுப்புக்காரி கடை எங்கே என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். கையை நீட்டிக் காட்டிவிட்டு, நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவு பயம். ரோட்டோரப் புளியமரத்தடியில் நாலு கழி நட்டு, மேலே கீற்றுப் போட்ட கடை அது. ஒரு விறகடுப்பு, ஒரு இரும்பு வாணலி, உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மூன்று கால்தான் சொந்தம். நாலாவது இடத்தில் செங்கல் அடுக்கியிருக்கும். அடுப்புக்குப் பின்னால் முக்காலியில், ஒரு கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு அம்சவள்ளி உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவளுடைய நாத்தனார் சாலம்மாள். மணலூர்பேட்டையிலிருந்து சாலம்மாளின் தம்பி பழனிக்கு வாக்கப்பட்டு வந்த மூன்றாம் நாள், நாத்தனார் ஊற்றிய ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, புளியைக் கரைச்சீங்களா, இல்ல புளியமரத்துக்குக் கீழ கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தாந்தீங்களா என்று புதுப்பெண் கேட்டாள். பந்தியில் இருந்த ஆண்கள் எல்லாம் சிரித்தார்கள், மாப்பிள்ளை பழனி உட்பட. சாலம்மாள் சிரிக்கவில்லை. இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று அன்றைக்குச் சொன்னவள்தான், இருபத்திரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊரும் பிடித்துக்கொண்டது.

உடம்பில் தேடினால் அம்சவள்ளியிடம் கொழுப்பு ஒரு குன்றிமணி கிடைக்காது. ஒல்லிக் குச்சி. இருந்ததெல்லாம் நாக்கில்தான். கடனுக்கு போண்டா கேட்ட கண்டக்டர், காரம் பத்தவில்லை என்ற வாத்தியார், எவரும் தப்பியதில்லை. கட்டின புருஷனையே யோவ் என்றுதான் கூப்பிடுவாள். பழனி அரை ஏக்கர் கரும்பும் அது போக நாலு பேர் வயலில் கூலி வேலையுமாக இருக்கிறவர், வாயில்லாத மனுஷன். இவள் வாய்க்கு ஒரு பூட்டு எங்கேயாவது விற்கிறதா என்று சினேகிதர்களிடம் அலுத்துக்கொள்வார். பொழுது சாய்ந்தால் அவரும் அந்த முக்கால் பெஞ்சில்தான் வந்து உட்காருவார்.

இட ஒதுக்கீடு கேட்டுக் கூட்டமும் ஊர்வலமுமாக ஜில்லா கொதித்துக்கொண்டிருந்த 1987-ஆம் வருஷம், சித்திரை மாதத்தில் ஒரு காலை அம்சவள்ளியால் மாவு பிசைய முடியவில்லை. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் ஒரே மாதிரி வீங்கிச் சூடாக இருந்தன. விரலை மடக்கினால் மடங்கவில்லை, மடங்கினது நீளவில்லை. வெந்நீரில் கையைப் போட்டு உட்கார்ந்திருந்து, பத்து மணிக்கு மேல்தான் கை அவள் பேச்சைக் கேட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

வடையைத் தட்டி நடுவில் விரலை விட்டு ஓட்டை போட முடியாமல் போனது. ஓட்டை இல்லாமலே வடை சுட்டுப் போட்டாள். கண்ணாயிரம் என்ற லாரி டிரைவர், வாடிக்கைக்காரர், வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நடுவில் ஓட்டையைக் காணோமே என்றார்.

"ஓட்டைக்குத் தனியாவா காசு குடுத்த? மூடிக்கினு தின்னு" என்றாள் அம்சவள்ளி.

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். காரணம் அவளுடைய அக்கா லட்சுமியம்மாள்.

அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மணலூர்பேட்டையில் முடக்குவாதம் என்றார்கள். எண்ணெய் தடவினார்கள், பத்துப் போட்டார்கள். நாலு வருஷத்தில் விரல்கள் காற்றில் சாய்ந்த கரும்பு மாதிரி ஒரே பக்கம் சாய்ந்தன. விரல் வலியில் யாரும் செத்ததில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஒரு காலை வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவ்வளவுதான். அப்போது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. அம்சவள்ளிக்கு இப்போது நாற்பத்தொன்று. அவள் கணக்கில் இன்னும் மூன்று வருஷம்தான் இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கை வலி என்று மட்டும் சொல்லி, பழனியுடன் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மணிமொழி என்ற டாக்டரம்மா இருந்தார். உளுந்தூர்பேட்டைக்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அம்சவள்ளியின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அக்காவைப் பற்றிச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. எத்தனை வயதில், எப்படி என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, சீட்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவை வாங்கிக்கொண்டு தன்னிடம் கட்டாயம் வரவேண்டும், மருந்தை அதைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று அனுப்பினார்.

அந்த ஒரு வாரமும் அம்சவள்ளி சரியாகத் தூங்கவில்லை. போன அன்று பார்த்து டாக்டரம்மா லீவு. ரத்தம் பார்க்கிற இடத்தில் இருந்த தனசேகரன்தான் காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். நல்ல பையன், வாய் சும்மா இருக்காது. இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்டாள். அவன் விரலை வைத்து வரிசையாகப் படித்தான். ரத்தம் கொஞ்சம் கம்மி, வீக்கத்தைக் காட்டுகிற கணக்கு ரொம்ப ஜாஸ்தி, அப்புறம் கொழுப்பு.

அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொழுப்பைக் கூடவா ரத்தத்தில் பார்ப்பார்கள் என்று கேட்டாள்.

"பாக்காம? அது ஜாஸ்தியானாத்தான ரத்தக் கொழாய் அடைச்சுக்கினு நெஞ்சு வலி வருது. உங்களுக்குக் கம்மிம்மா. நூத்தி இருவத்தெட்டுதான் கீது. ரொம்பக் கம்மி" என்றான் தனசேகரன்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் காட்டுங்கள் என்று அவன் சேர்த்துச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நெஞ்சு வலி வராது. அக்காவுக்கு வந்தது தனக்கு வராது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்த அடுத்த நிமிஷம் அவளுக்கு நாத்தனார் ஞாபகம் வந்துவிட்டது. நேரே கடைத்தெருவுக்குப் போய், சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை கடையில், அடுப்புக்கு மேலே, அது தொங்கியது. கண்ணாயிரத்தை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னாள். பஸ் நிறுத்தமே கூடிவிட்டது. சாலம்மாளையும் ஆள் விட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இருவத்திரண்டு வருசமா எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்லிக்கினு இருந்தீங்க. பாருங்க, ரப்பர் ஸ்டாம்பு குத்திக் குடுத்துட்டான். கம்மியாம்."

சாலம்மாள் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். ரத்தத்தில் எடுத்தால் கம்மியாகத்தான் இருக்கும், நாக்கில் எடுத்துப் பார்க்கச் சொல் என்று ஒரு போடு போட்டாள். அன்றைக்கு இரண்டு பேருமே சிரித்தார்கள்.

சிரித்ததோடு அம்சவள்ளி டாக்டரம்மாவை மறந்துவிட்டாள். கொழுப்பு கம்மி என்று எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் என்ன டாக்டர்? கை வலிக்கு மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். காலையில் உடைந்த போண்டா, கருகின பஜ்ஜி இவைதான் அவளுக்குப் பலகாரம்; முன்பு ஒன்று தின்றவள் இப்போது தைரியமாக மூன்று தின்றாள். புகையிலையையும் ஒரு பங்கு கூட்டிக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு நாள் பம்பிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது, அம்மிக்கல்லை எடுத்து நெஞ்சின்மேல் வைத்த மாதிரி ஒரு பாரம் அழுத்தியது. இடது தோள்வரை இழுத்தது. குடத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் விட்டுவிட்டது. வாயு என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். ஒவ்வொரு முறையும் கடைக்கு வந்து அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அண்ணாந்து பார்ப்பாள். கம்மி. அப்புறம் எப்படி நெஞ்சு வலியாக இருக்கும்? இருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது? ஊரைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டியாகிவிட்டதே. நாத்தனார் முகத்தில் எப்படி முழிப்பது?

இப்படி மறைத்து மறைத்து, அவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. கடன் கேட்டவனுக்கு மறுபேச்சில்லாமல் போண்டாவைக் கொடுத்தாள். காரம் பத்தவில்லை என்றால் அடுத்த தடவை போடுகிறேன் என்றாள். பழனியை யோவ் என்பதை விட்டு, ஏங்க என்று கூப்பிட ஆரம்பித்தாள். முதல் வாரம் பழனிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மரியாதை கிடைத்துவிட்டது என்று சினேகிதர்களுக்கெல்லாம் சொன்னார். இரண்டாம் வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டால், ஒண்ணும் இல்லீங்க என்றாள். அந்த -ங்க அவரை என்னவோ செய்தது.

புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீட்டுக்காக ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. விடிவதற்கு முன்பே இளவட்டங்கள் கோடாலியும் ரம்பமுமாக ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். கடைக்கு நிழல் கொடுத்த புளியமரத்தைத்தான் முதலில் குறி வைத்தார்கள். அம்சவள்ளியிடம் வந்து, கொஞ்சம் அடுப்பை நகர்த்திக்கொள்ளுங்கள் அத்தை என்று கேட்பதற்கு அவர்களுக்குள்ளேயே யார் போவது என்று தகராறு. வாங்கப்போகிற வசவுக்குத் தயாராக நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாணலியை எடுத்தாள், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினாள், பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போக ஒதுக்கீடு வேண்டும் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு இந்த மரம் என்ன பாவம் செய்தது என்று மட்டும் தோன்றியது. அதைச் சொல்லவும் தெம்பில்லை. பழனி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். மரம் சாய்ந்ததைவிட அவள் சும்மா இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மரம் ரோட்டின் குறுக்கே விழுந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த முதல் பஸ் அதற்கு அந்தப் பக்கம் நின்றது. அதற்குப் பின்னால் லாரிகள். உளுந்தூர்பேட்டை வரைக்கும் வழியெல்லாம் மரம் என்றார்கள். வெளியூர்களில் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவைக் கேட்டவர்கள் வந்து சொன்னதில், காலையில் இருந்த கும்மாளம் அடங்கிவிட்டது. மாட்டிக்கொண்ட ஜனங்களுக்குப் பசி மட்டும் அடங்கவில்லை. அம்சவள்ளி கூடையில் போண்டாவை நிரப்பிக்கொண்டு, கிளைகளில் கால் வைத்து ஏறி, மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விற்றுவிட்டு வந்தாள். இரண்டு தடவை போய் வந்தாள். மூன்றாவது தடவை அடிமரத்தின் மேல் ஏறி நின்றவளால் இறங்க முடியவில்லை. அம்மிக்கல் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ இளைப்பாறுகிறவள் மாதிரி அங்கேயே உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களில் டாக்டர் மணிமொழியும் ஒருவர். இரவு ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு விடியற்காலை வீட்டுக்குக் கிளம்பினவர். இரண்டாவது தடவை வந்தபோதே அவளிடம் ஒரு போண்டா வாங்கித் தின்றிருந்தார். கொடுத்த கையின் கணுக்களைப் பார்த்ததும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்கலாம் என்று அவள் மறுபடி வருவதற்காகக் காத்திருந்தார். மரத்தின்மேல் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே மரத்தில் ஏறினார்.

நாடியைப் பிடித்துக்கொண்டே, நெஞ்சில் என்ன செய்கிறது, எத்தனை நாளாக என்று கேட்டார். அம்சவள்ளி வாயு என்றாள். டாக்டரம்மா விடவில்லை. எங்கே இழுக்கிறது என்று காட்டச் சொன்னார். அம்சவள்ளியின் கை தானாக இடது தோளுக்குப் போனது. அந்த நேரத்துக்குக் கீழே பழனி வந்து நின்றிருந்தார்.

"எனக்குத்தான் கொழுப்பு கம்மியாச்சே, டாக்டரம்மா. கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கேன்" என்றாள் அம்சவள்ளி. சொல்லிக்கொண்டே கடைப்பக்கம் கையைக் காட்டினாள்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பழனி ஓடிப்போய்ச் சட்டத்தை எடுத்துவந்து நீட்டினார். பார்த்ததும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மரத்தின்மேல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இது நல்ல சேதி இல்லம்மா. உங்க கை மூட்டுல நெருப்பு எரிஞ்சிக்கினு இருக்கு. அந்த நெருப்பு ரத்தத்துல இருக்கிற கொழுப்பையும் இழுத்துப் போட்டு எரிச்சிடும். அதனாலதான் கம்மியா காட்டுது. அதே நெருப்பு ரத்தக் குழாயையும் புண்ணாக்கும். கை வலி கையோட நிக்கிற வியாதி இல்ல இது. உங்க அக்காவுக்கு அதத்தான் யாரும் சொல்லல" என்றார்.

அம்சவள்ளி, அப்படியானால் தனக்கு இன்னும் மூன்று வருஷம்தானா என்று கேட்டாள். அந்தக் கணக்கைப் பழனி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா அவளுடைய வீங்கின கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா நாலு வருஷம் கழித்தும் வைத்தியத்துக்கு வரவில்லை, நீங்கள் நாலு மாதத்தில் வந்தவர், அந்த வித்தியாசத்தை வீணாக்காமல் இருந்தால் போதும் என்றார்.

பாரம் விட்டதும் இரண்டு பேருமாக அவளைக் கீழே இறக்கினார்கள். அன்றும் மறுநாளும் டாக்டரம்மா அவர்கள் வீட்டில்தான் தங்கினார். சாலம்மாள் சமைத்துப் போட்டாள். ரசம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அம்சவள்ளி வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் வந்து மரத்தை இழுத்துப் போட்டு வழி திறந்ததும் கள்ளக்குறிச்சிக்குப் போய் இருதயப் படம் எடுத்தார்கள். அடைத்துக்கொள்ளவில்லை, ஆனால் வேலை செய்யும்போது ரத்த ஓட்டம் பத்தவில்லை என்றார் டாக்டரம்மா. நெஞ்சு அழுத்தினால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். ஆஸ்பிரின் கொடுத்தார். மூட்டில் எரிகிற நெருப்பை அணைக்க வேறொரு மாத்திரை எழுதினார். மெடிக்கல் கடைக்காரர் அதை மலேரியா மாத்திரை என்று சொல்ல, பழனி சீட்டை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து நின்றார். இவளுக்குக் குளிர் காய்ச்சல் இல்லையே என்று ரொம்பப் பணிவாக எடுத்துச் சொன்னார். மலேரியாவுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான் இந்த வாதத்துக்கும் கேட்கும், மெதுவாகத்தான் கேட்கும், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார். வழியெல்லாம் பழனி அந்த அட்டையைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

போண்டா சுடலாம், தின்னக்கூடாது. நேற்றைய எண்ணெயை இன்றைக்குக் காய்ச்சக்கூடாது. தினமும் நெஞ்சு அழுத்தாத அளவுக்கு நடக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், புகையிலை கூடாது. மற்றதெல்லாம் போகட்டும், இருபது வருஷமாகக் கன்னத்தில் குடியிருந்த புகையிலையை விடுவது லேசா? முதல் வாரம் கிராம்பை மென்றாள், கொத்தமல்லி விதையை மென்றாள், ஒரு நாள் புளியங்கொட்டையைக் கூட வாயில் போட்டுக்கொண்டாள். புகையிலை வைத்திருந்த சுருக்குப் பையைத் தூக்கிப் போட மனசில்லை. புகையிலை இருந்த இடத்தில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வந்து உட்கார்ந்தது. கண்ணாடிச் சட்டம் பரணுக்குப் போனது.

ஐப்பசியில் கணுக்களின் சூடு தணிந்தது. தைப் பொங்கலுக்கு வெந்நீர் இல்லாமலே மாவு பிசைந்தாள். நெஞ்சு அழுத்துவதும் அபூர்வமாகிவிட்டது. கடைக்கு இப்போது மர நிழல் இல்லை. பழனி காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பிக் கூரையை அகலமாக்கிக் கொடுத்தார். கைகள் தேறினாலும் அவள் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. மூன்று வருஷக் கணக்கு அவள் மனசை விட்டுப் போகவில்லை என்பது பழனிக்குத் தெரிந்தது. இன்னமும் அவரை ஏங்க என்றுதான் கூப்பிட்டாள்.

பங்குனியில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். தனசேகரன் காகிதத்தைக் கொடுக்கும்போது இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருந்தான். டாக்டரம்மாவிடம் வாங்கிய திட்டு அப்படி. அவளே வற்புறுத்திக் கேட்டாள். கொழுப்பு ஏறியிருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு என்றான். போன தடவை கம்மி என்றதே கெட்ட சேதி. இப்போது ஜாஸ்தி என்றால்? அம்சவள்ளி காகிதத்தை எட்டாக மடித்துச் சுருக்குப் பையில் திணித்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். மடிப்பைப் பிரிக்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். பேனாவைக் கையில் கொடுத்து, விரல்களை மடக்கச் சொன்னார். மடங்கின. நீட்டச் சொன்னார். நீண்டன.

"நெருப்பு அணைஞ்சு போச்சு. அதான் எரிஞ்சு போன கொழுப்பு திரும்பி வந்திருக்கு. இதுதான் உங்க சொந்தக் கணக்கு, இனிமே இத நம்பலாம். கொஞ்சம் ஜாஸ்திதான். சாப்பாட்டுல கொறைச்சுடலாம். நீங்க உங்க அக்கா இல்லம்மா. அந்த வயசுக் கணக்க இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றார்.

பஸ்ஸில் ஊர் வந்து சேருகிறவரை அம்சவள்ளி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வெட்டின புளியமரத்தின் அடிக்கட்டை கடைக்குப் பக்கத்தில் இன்னும் இருந்தது. அதில் விரல் நீளத்துக்குத் துளிர் விட்டிருந்தது. இறங்கினவள் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பழனி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், சற்று நேரத்தில் பரணிலிருந்த கண்ணாடிச் சட்டத்தோடு வந்தார். பழைய காகிதத்தை உருவினார். டாக்டரம்மாவிடம் தானே வாங்கி வைத்திருந்த, எட்டு மடிப்பு விழுந்த புதுக் காகிதத்தைத் தடவித் தடவி உள்ளே வைத்தார். ஆணியில் மாட்டினார். கூட்டம் சேர ஆரம்பித்தது. சாலம்மாளும் வந்து, இந்தத் தடவை என்னடா எழுதியிருக்கிறது என்று தம்பியைக் கேட்டாள்.

"கொழுப்பு ஏறியிருக்குக்கா. இருநூத்திப் பன்னெண்டு" என்றார் பழனி. வாயில்லாத மனுஷன் அன்றைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அம்சவள்ளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"யோவ், அறிவு கீதாய்யா உனக்கு? எறக்குய்யா அத. டாக்டரம்மா கொறைக்கச் சொல்லியிருக்காங்க, நீ மாட்டி வெச்சுக்கினு பெருமை பீத்திக்கினு இருக்க."

பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த யோவ். பழனி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ரத்தத்துல இருக்கறத கொறைச்சுக்கோ, அம்சா" என்றார். "வாயில இருக்கறத கொறைக்காத. வூட்டுல இருக்க முடியல."

ஓங்கின கரண்டியை அவள் இறக்கிக்கொண்டாள்; சட்டம் ஆணியிலேயே இருந்தது. சாலம்மாள் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் அன்னைக்கே சொன்னேனே என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்து, மாவை உருட்டி உள்ளங்கையில் தட்டி, நடுவில் விரலை விட்டு எண்ணெயில் போட்டாள். பெஞ்சில் இருந்த கண்ணாயிரம் எட்டிப் பார்த்துவிட்டு, வடையில் ஓட்டை வந்துவிட்டதே என்றார். ஓட்டைக்கு இன்றைக்கு மட்டும் காசு இல்லை, நாளையிலிருந்து உண்டு என்றாள் அம்சவள்ளி.